கன்சோலைக் கழற்றிய ஞாயிறு

லிஃப்ட்காரர் என்றால்தான் அந்தக் குடியிருப்பில் அவரைத் தெரியும். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. யாராவது நலம் விசாரித்தால், "தினமும் மேல போயிட்டுத்தான் வர்றேன், இன்னும் அங்க இடம் கிடைக்கல" என்பார். கேட்டவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அதற்குமேல் அன்றைக்கு அவரோடு பேச ஆள் இருக்காது.

மனைவி வெளியூரில் மகள் வீட்டில் இருந்தாள். மகளின் பிரசவத்துக்குப் போனவள். பேரன் தவழட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், அங்கே ஒரு ஆள் வேண்டும். இங்கே வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கீழே தகரக் கொட்டகையில் அவர்களுடைய பழைய கார் நின்றது. அவளை அதில் போய் அழைத்து வர வேண்டும் என்று உள்பக்கத்தைப் புதுப்பிக்க ஆரம்பித்தார். சீட்டுகளுக்கு உறை மாற்றியாயிற்று. தரைவிரிப்பு மக்கி நாறியது. அதை உரிக்க வேண்டுமென்றால், முன்சீட்டுகளுக்கு நடுவே கியரையும் ஹேண்ட்பிரேக்கையும் சுற்றி உட்கார்ந்திருக்கும் கன்சோலை எடுத்தாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் இறங்கினார். பேட்டரி வயரைக் கழற்றினார். கியர் குமிழைத் திருகி எடுத்தார். சாம்பல் கிண்ணத்துக்கு அடியில் ஒளிந்திருந்த ஸ்குரூக்களும் வந்துவிட்டன. பின்பக்கத்தைத் தூக்கினால், அடியில் சிகரெட் லைட்டரின் வயர் விறைத்துக்கொண்டு நின்றது. கன்சோலைப் பிடித்தால் வயருக்குக் கை எட்டவில்லை. வயரைத் தொட்டால் கன்சோல் சாய்ந்தது.

"இதைக் கொஞ்சம் பிடி" என்று பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

அவள் உட்காரும் சீட் அது, காலியாக இருந்தது. பிறகு கன்சோலைக் கீழே இறக்கிவிட்டு, போனை அந்த சீட்டில் சாய்த்து வைத்து அவளைக் கூப்பிட்டார்.

"என்னங்க இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. கார்ல கன்சோலைக் கழட்டறேன். நீ சும்மா பாரு."

"நான் பார்த்தா கழண்டுடுமா?"

"பாரேன்."

அவள் பார்த்தாள். "ஹேண்ட்பிரேக்கை இன்னும் மேல இழுங்க, இடிக்குது பாருங்க. ஆமா, கனத்தை யார் தாங்கறா?"

"முட்டி தாங்குது."

முட்டியை அடியில் கொடுத்து வயரைப் பிடுங்கினார். காய்ந்துபோன பிளாஸ்டிக் படக்கென்றது.

"என்ன உடைஞ்சுது?"

"ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லாதீங்க, குரல்லயே தெரியுது."

இருவரும் சிரித்தார்கள். அப்போது அங்கே, "பாட்டி!" என்று பேரன் அலறினான். அவள் போனைப் போட்டுவிட்டு ஓடினாள். திரையில் மகள் வீட்டு மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. கன்சோலை மடியில் வைத்துக்கொண்டு, இணைப்பு அறுந்துபோகும் வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடைந்த ஓரத்தைப் பசை வைத்து ஒட்டினார். புது விரிப்பு போட்டார். கன்சோல் பழையபடி உட்கார்ந்தது. கார் தயார் என்று சொல்ல அவர் நினைத்திருந்த அன்று, அவளே கூப்பிட்டாள். மகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாளாம்.

"இன்னும் கொஞ்ச நாள்தாங்க."

"அதனால என்ன. நல்ல செய்திதானே."

நல்ல செய்திதான். அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி அடுப்பு பற்ற வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கொட்டகைக்குப் போனார். காரில் செய்வதற்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்குரூடிரைவரை எடுத்து, கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடி ஒன்றைக் கழற்றினார். அது நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

போனை நிமிர்த்தி வைத்தார்.

"ஏம்மா, கார்ல ஒரு கண்ணாடி ஏற மாட்டேங்குது. கொஞ்சம் பாரேன்."

"எந்தப் பக்கம்?"

"உன் பக்கம்தான்."