பூப் பார்க்கப் போன நாளில் வடித்த சோறு

நீலப் பிளாஸ்டிக் விரிப்பு, கால் வைத்தால் சரசரக்கும். புல்லின் ஈரம் அதற்குள்ளால் குளிரும். அன்றைக்கு அதில் இருந்தவர்களைச் சொல்கிறேன். மதாம், அதாவது அப்பா வேலை செய்த ஜப்பான் உணவகத்தின் முதலாளி. மதாமின் தகப்பன், ஜப்பானில் இருந்து மகளைப் பார்க்க வந்திருந்த கிழவர். பெரிய சமையற்காரர், அவரும் ஜப்பான்காரர். மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஜப்பான் பெட்டைகள் இரண்டு பேர், பாரிஸுக்குப் படிக்க வந்தவர்கள். மணியண்ணை, அப்பாவோடு கோப்பை கழுவியவர். அப்பா. அம்மா. நான். ஒன்பது பேர். தலைக்கு மேலே ஒரு செர்ரி மரம், இலை தெரியாமல் பூ.

எனக்கு அப்போது பதினொரு வயது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஒரு வருடம். பாரிஸில் லாச்சப்பல் பகுதியில் ஐந்தாம் மாடியில் ஒரே அறை, லிப்ட் இல்லை. இரும்புப் பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதினாறு வயதில் விட்டுவிட்டேன். எழுதத் தெரிந்த தமிழ், ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்ததும் அதற்குப் பிறகு கடைகளில் இலவசமாகக் கிடைத்த பத்திரிகைகளில் பார்த்ததும்தான். ஆகவே குறை இருந்தால் பொறுக்க வேண்டும்.

மதாமின் ஊர் ஹிரோசாகி. ஜப்பானின் வடக்குப் பக்கம். ஒவ்வொரு புது வருடத்துக்கும் அவர் தன் ஊர்ப் படங்கள் போட்ட கலண்டர் ஒன்றை வேலை செய்கிற எல்லோருக்கும் தருவார். எங்கள் வீட்டில் அது மளிகைக் கடைக்காரர் தந்த தமிழ்க் கலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. தமிழ்க் கலண்டரில் அம்மா விரதம் பார்ப்பார். மற்றதில் நான் படம் பார்ப்பேன். மூன்றாம் மாதத்தில் சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மைகள், ராசாவும் ராணியும் மேல்படியில். "இந்தச் சனம் கொலுவை மாசி பங்குனியிலை வைக்கினம்" என்று அம்மா சொல்வார். நாலாம் மாதத்தில் கோட்டை, கோட்டையைச் சுற்றி அகழி, அகழித் தண்ணீர் தெரியாமல் உதிர்ந்த பூவிதழ். ஐந்தாம் மாதத்தில் கம்பத்தில் கட்டிப் பறக்கவிட்ட துணி மீன்கள்.

"துணி மீன் ஆருக்கு?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"பெடியளுக்காம்."

"எனக்கு?"

"உனக்குப் பொம்மை வந்திட்டுதே, பிள்ளை. ரெண்டும் கேட்டால் மதாம் எங்கை போறது?"

ஹிரோசாகியின் வசந்த காலம் எனக்குப் பாடமாக இருந்தது. எந்த மாதம் பனி கரையும், எந்த மாதம் செர்ரி, எந்த மாதம் அப்பிள் மரம் பூக்கும் எல்லாம் தெரியும். பாரிஸில் எப்போது எது பூக்கும் என்று தெரியாது. நாங்கள் இருந்த தெருவில் மரம் இல்லை.

அப்பா எங்களுக்கு முன்பே வந்து, ஆறு வருடமாகக் கோப்பை கழுவினார். எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம். கோப்பை, தட்டு, சட்டி எல்லாம் சேர்த்து "கோப்பை". கொதிதண்ணீரும் சவுக்காரமும் பட்டுப்பட்டு அவருடைய விரல் மூட்டுகள் வெடித்துக் கிடந்தன. கையுறை போட்டால் வேர்த்து இன்னும் கூடும். டாக்குத்தர் பார்த்துவிட்டு, இந்தக் கையைத் தண்ணீரில் வைக்கவே கூடாது என்று சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டு அன்று மத்தியானமே வேலைக்குப் போனார்.

அந்த வருடம் அங்கே சோறு போடுகிறவர் வேறு ஊருக்குப் போக இருந்தார். ஜப்பான் உணவகத்தில் சோறு தனி வேலை. அரிசி கழுவ வேண்டும், தண்ணீர் அளக்க வேண்டும், வெந்த சோற்றை உருண்டை பிடிக்க வேண்டும். கை சவுக்காரத்தில் இராது. அப்பா, வேலை முடிந்த பிறகு நின்று அந்த மனிதரிடம் பழகினார். மதாம் அதைக் கவனித்திருக்கிறார். பூப் பார்க்கும் நாளில் எல்லோரும் தங்கள் வீட்டில் ஒவ்வொரு சாமான் செய்து வருவார்கள், சோறு உன்னுடையது, மெஷினில் போடாமல் பானையில் போட்டுக் கொண்டு வா, அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சொன்னாராம். அப்பா இதை அம்மாவிடம் சொன்னபோது கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

பூப் பார்ப்பது பாரிஸுக்குத் தெற்கே "சோ" என்ற இடத்துப் பூங்காவில். கார் து நோர் ஸ்டேசனில் ஏறினால் ரயில் நேரே போகும். சித்திரை மாதம் ஜப்பான்காரர் எல்லோரும் அங்கே வருவார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வேலையில் ஆகக் கீழே இருக்கிறவன் விடியவே போய் நல்ல மரத்தின் கீழ் விரிப்பைப் போட்டு இடம் பிடித்து வைக்க வேண்டும். ஆகக் கீழே இருந்தது அப்பாவும் மணியண்ணையும். மணியண்ணைக்கு நித்திரை விடாது. எனவே அப்பா போனார்.

அம்மா ஞாயிறு காலையில் ஒரு கடை கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போவார். வர ஒன்பதரை ஆகும். சோறு சூட்டோடு போக வேண்டும் என்பதால் முதலே போட்டு வைக்கவும் முடியாது. அப்பா அரிசியைக் கழுவி, தண்ணீர் அளந்து ஊற்றி, பானையை அடுப்பில் வைத்துவிட்டு என்னை எழுப்பினார்.

"ஒன்பது மணிக்கு மூட்டு. கொதிக்கிற சத்தம் கேட்டால் நெருப்பைக் குறை. பன்னிரண்டு நிமிசம். பிறகு நிப்பாட்டிப்போட்டு அப்பிடியே விடு. மூடியைத் திறவாதை."

"ஓம்."

"அம்மாட்டை விடாதை. அவ வடிச்சுப்போடுவா."

சோறு ஒட்ட வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. எனக்கு ஜப்பான் சோறு தெரியாது. வேலையில் தரும் சாப்பாட்டை அவர் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவார். கலண்டரில் சோற்றுப் படம் இல்லை.

ஒன்பது மணிக்கு மூட்டினேன். கொதித்தது, குறைத்தேன். ஐந்தாம் நிமிடம் மூடியைத் திறந்து பார்த்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்டால், திறக்காதே என்று சொன்னதால்தான். உடனே மூடிவிட்டேன். பன்னிரண்டு நிமிடம் முடிந்து நிறுத்திய பிறகு மறுபடியும் திறந்து அகப்பையால் கிளறினேன். சோறு கட்டியாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அகப்பையைக் கவிழ்த்தாலும் விழவில்லை.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "களி". ஆட்கள் சாப்பிட வருகிற நாளில் சோறு அப்படிக் குழைந்தால் அம்மா இன்னொரு உலை வைப்பார். அப்பாவின் சோற்றைக் குழைத்துவிட்டேன், இடையில் மூடியைத் திறந்ததால் வந்த வினை என்று நினைத்தேன். வடிக்கக் கூடாது என்று அவர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அது நன்றாக வந்த சோற்றுக்கு, பழுதாய்ப் போன சோற்றுக்கு இல்லை என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றி, கிளறி, அம்மா பிடிக்கிற மாதிரி மூடியைத் துணியால் பிடித்து வடித்தேன். இன்னொரு தரம் ஊற்றி வடித்தேன். பசை போய்விட்டது. சின்ன நெருப்பில் வைத்து ஈரம் வாங்கினேன். சோறு தனித்தனியாக நின்றது.

அம்மா வந்து மூடியைத் திறந்தார்.

"ஆர் வடிச்சது?"

"நான்."

"அந்தாள் வடிக்க வேண்டாமெண்டதெல்லே?"

"போகேக்கை வடிக்கச் சொன்னவர்" என்றேன்.

பொய் அவ்வளவுதான். அம்மா நம்பினார். "வடிவாய் வந்திருக்கு, பொலுபொலுவெண்டு" என்று சொல்லிப் பானையைத் துவாயால் சுற்றிக் கட்டினார். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பானைச் சூடு மடிக்குச் சுகமாக இருக்கிறது என்றார்.

பூங்காவில் அப்பா நல்ல மரம் பிடித்திருந்தார். விரிப்பின் இரண்டு மூலையில் தன் சப்பாத்துகளையும் மற்ற இரண்டு மூலையில் கல்லும் வைத்துக்கொண்டு நடுவில் காலுறையோடு இருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த மணியண்ணை தூரத்தில் இருந்தே சத்தம் போட்டார்.

"அண்ணை, காணி பிடிச்சாச்சு. உறுதி எழுதியாச்சோ?"

"வேலி அடைக்கிறதுதான் மிச்சம். நீ கதியால் தடி கொண்டு வந்தனியோ?"

அப்பா அப்படிப் பகிடி விட்டதை நான் அந்த நாட்டில் அதற்கு முன் கேட்டதில்லை.

மதாம் வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். கிழவரை மரத்தடிக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். தான் புறப்பட்டபோது ஊரில் கோட்டைச் சுவரின் அடியில் இன்னும் பனி கிடந்தது, அங்கே இந்தப் பூ வர இரண்டு கிழமை செல்லும், இந்த வருடம் தனக்கு இரண்டு தடவை வசந்தம் என்று அவர் சொன்னார். மதாம் அதைப் பிரெஞ்சில் சொல்ல, அப்பா எங்களுக்குத் தமிழில் சொன்னார். காற்று அடிக்கும்போது பூவிதழ் கொட்டியது. அம்மா விரிப்பில் விழுந்ததைப் பொறுக்கிக் கைலேஞ்சியில் சேர்த்தார், வீட்டுப் பிள்ளையார் படத்துக்கு. கிழவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் தோளில் விழுந்ததையும் எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

பிறகு அப்பா பானையைத் திறந்தார்.

குனிந்து சோற்றைப் பார்த்தார். போத்தல் தண்ணீரில் கையை நனைத்தார். உப்புத் தொட்டார். வெடித்த கையில் உப்புப் பட்டால் எப்படியிருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். ஒரு பிடி எடுத்து அமத்தினார். விரலுக்குள்ளால் கொட்டியது. மறுபடி எடுத்தார். கொட்டியது. மூன்றாம் தரமும் கொட்டியது. ஜப்பான் பெட்டைகள் இரண்டு பேரும் மரத்தைப் பார்த்தார்கள். மதாம் அப்பாவின் கையைப் பார்த்தார்.

அப்பா அம்மா பக்கம் திரும்பிக் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வடிச்சனியோ?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் விரிப்பைப் பார்த்தேன்.

"ஓம்" என்றார் அம்மா. "பழக்கத்திலை வடிச்சுப்போட்டன்."

அப்பா மதாமிடம் திரும்பினார். பிழை என்னுடையது, தண்ணீர் அளவு பிழைத்துவிட்டது என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். மதாம் பெட்டிகளை எடுத்தார். சோற்றை அப்படியே ஒன்பது பெட்டிகளில் பங்கிட்டார். குச்சியால் இரண்டு மூன்று பருக்கையாக எடுத்து வாயில் வைத்தார். கிழவர் பெட்டியை வாயோடு வைத்துத் தள்ளினார்.

"மதாம் கோழி மாதிரியெல்லே கொத்துறா" என்றார் மணியண்ணை. ஒருவரும் சிரிக்கவில்லை. மதாம் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு முடித்துப் பெட்டியை மூடினார். அதற்கு வெகுநேரம் எடுத்தது. பூ கொட்டிக்கொண்டிருந்தது.

சோற்று வேலை மணியண்ணைக்குக் கிடைத்தது. அவர் அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருக்காமல் வாசலில் நின்றார்.

"அண்ணை, நான் மாட்டன் எண்டு சொல்லட்டோ?"

"விசரா, எடு. நீயும் விட்டால் அது வேறை ஆருக்கோ போகும். இரு, தேத்தண்ணி குடி."

அம்மா அதைப் பற்றி என்னோடு கதைத்தது ஒரே ஒரு தடவை. பூங்காவில் இருந்து வந்த அன்று பானையைக் கழுவிக்கொண்டு, திரும்பிப் பாராமல் சொன்னார்.

"நான் வடிச்சதாயே இருக்கட்டும். நான் எண்டால் அந்தாளுக்கு ஒரு நாளைக்குச் சிரிப்பு வரும். நீ எண்டால் வராது."

சொன்ன மாதிரியே சிரிப்பு வந்தது. அதற்கு ஒரு வருடம் சென்றது. அதன் பிறகு வீட்டில் சோறு வைக்கும்போதெல்லாம் அப்பா "வடிச்சாச்சோ?" என்று கேட்பார். சொந்தக்காரர் வந்தால் அந்தக் கதையைச் சொல்வார், என்ரை மனுசி வடிச்ச வடியிலை நான் இன்னும் கோப்பை கழுவுறன் என்று. எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார். நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போவேன். அப்பா கோப்பை கழுவினார், உணவகம் மூடும் வரை. அது இன்னும் பதினொரு வருடம்.

இப்போது அந்த இடத்தில் டெலிபோன் உறை விற்கிறார்கள். மதாம் தன் ஊருக்கே போய்விட்டார். மணியண்ணை பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் இருக்கிறார். கலண்டர் வருவதில்லை. லாச்சப்பல் அறையை விட்டு அப்பா ஸ்தேன் என்ற ஊருக்குப் போய் எத்தனையோ காலம். அம்மா ஒரு சித்திரையில் காலமாகிவிட்டார். நான் பொபினியில் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் சமைக்கிறேன்.

இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிறு அப்பாவைச் சோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் இருந்த மரம் இல்லை. அந்த இடத்தில் தடி ஊன்றி ஒரு கன்று நட்டிருந்தார்கள். பக்கத்து மரத்தின் கீழ் விரித்தோம். ஒரு பெட்டியில் வடித்த சோறும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டு போயிருந்தேன். அப்பா கையால் பிசைந்து சாப்பிட்டார். கை ஆறிவிட்டது, மூட்டுகளில் வெள்ளைக் கோடு மட்டும் இருக்கிறது.

"வடிச்சாச்சோ?" என்றார், பழைய மாதிரி.

அப்போது சொன்னேன். மூடி திறந்தது, கேத்தில் தண்ணீர், அம்மாவிடம் சொன்ன பொய் எல்லாம். பத்து வசனம் வராது.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். கோபிக்கவில்லை. புதுக் கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொம்மா ஒரு நாளும் சொல்லேல்லை" என்றார்.

"ஓம்."

"நானும் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சன்."

அவர் கையைத் துடைத்துவிட்டு, சோறு வடித்த சித்திரையில் இருந்து அம்மா காலமான சித்திரை வரைக்கும் ஒவ்வொரு வருடமாக விரல் மடித்தார். ஒரு கை முடிந்து மற்றக் கை, பிறகு மறுபடி முதல் கை, மறுபடி மற்றக் கை. இடையில் ஒரு தடவை பிழைத்து, திரும்ப எண்ணினார்.

"பத்தொன்பது."