கயிறு சாத்திய திங்கட்கிழமை

வடக்கனந்தலுக்கு மேற்கே, சாலை மலையேறத் தொடங்குவதற்குச் சற்று முன்பாக, என் மாமனார் நடத்திவந்த விடுதிப் பள்ளி இருந்தது. ஓட்டுக் கட்டடம் இரண்டு, கீற்றுக் கொட்டகை ஒன்று, சுற்றிலும் எங்கள் மரவள்ளிக் கொல்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் கரியாலூர்ப் பக்கத்து மலைக்கிராமங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள். மீதிப் பேர் அடிவாரத்தில் கூலிவேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அந்த வளாகத்துக்குள்ளேயே எங்கள் வீடும் இருந்தது. மாமனார் தலைமையாசிரியர். மூத்த மகனான என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். இளைய மகன், என் கொழுந்தனார், கணக்கு வாத்தியார்; விடுதிப் பொறுப்பும் அவருக்கே. மாமியாரும் நானும் சமையற்கட்டு. ஆகவே அங்கே பள்ளிக்கூடத்துச் சண்டை என்று தனியாக ஒன்றும் கிடையாது. எல்லாம் வீட்டுச் சண்டைதான். அதுவும் அத்தனை பிள்ளைகளும் கேட்கத்தான் நடக்கும்.

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதையும் மனிதர்கள் முடிவு செய்வதில்லை. கயிறு சாத்திப் பார்ப்பார்கள். பூசை மணையின்மேல் பதிகப் புத்தகத்தை மூடி வைத்து, கேட்க வேண்டியதை மனத்தில் நினைத்து, ஒரு வெள்ளைக் கயிற்றின் நுனியை ஏடுகளுக்கு நடுவே செலுத்த வேண்டும். கயிறு புகுந்த இடத்தைப் பிரித்தால் எந்தப் பதிகம் வருகிறதோ, அதுவே இறைவன் உத்தரவு. இது சைவர் வீடுகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். என் தகப்பனார் கோயிலில் பதிகம் ஓதியவர். நடை பழகும்போதே பண்ணும் பழகியவள் நான். அன்றும் அந்த வழக்கத்தை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் மருமகளாகப் போன பிறகு மூன்று முறை கயிறு சாத்தினார்கள். மாமனாரின் அக்காள் நிலத்தில் பங்கு கேட்டபோது ஒருமுறை. ஆசிரியர் பயிற்சிக்குப் போகட்டுமா என்று நான் கேட்டபோது ஒருமுறை. சங்கராபுரத்தில் ஒரு பெண்ணைக் கொழுந்தனாருக்குப் பேசி, அவருக்கும் பிடித்துப்போய், சாதகத்தில் ஏதோ இடறியபோது ஒருமுறை. மூன்று முறையும் ஒரே பதிகம் வந்தது. உறவும் உடைமையும் நில்லாதவை, நெஞ்சே பற்றை விடு என்று சொல்லும் பதிகம். நிலம் அக்காளுக்குப் போயிற்று. எனக்குப் பயிற்சி போயிற்று. கொழுந்தனாருக்குப் பெண் போயிற்று. மூன்று முறையும் ஒரே உத்தரவு வந்ததை எண்ணி மாமனார் கண்ணீர் மல்க நின்றார். கேள்விப்பட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கொழுந்தனார் மட்டும் சமையற்கட்டில் வந்து முனகினார்: "அண்ணி, எல்லாருக்கும் ஒரு சாமி, எனக்கு மட்டும் சன்னியாசி சாமியா?"

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த ஆண்டுகள் அவை. அந்த முறை மறியல் நாள்கணக்கில் நீண்டது. கள்ளக்குறிச்சிச் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பேருந்து இல்லை, சைக்கிளைக்கூடத் தோளில் தூக்கிக்கொண்டுதான் மரத்தைத் தாண்ட வேண்டும். காவல் வண்டிகள் எங்கே நிற்கின்றன, யாரைப் பிடித்தார்கள் என்பதே ஊரில் பேச்சு. வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகள் கைகால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், கொழுந்தனார் தோளில் கோடரியுடன் வளாகத்துக்குள் வந்தார். மாமனார் வாசலில் நின்றிருந்தார்.

"எங்கடா போய்ட்டு வர?"

"ரோட்டுக்கு."

"மரம் வெட்டினியா?"

"வெட்டினேன்."

"வாத்தியார் கையில கோடாலி. நல்லாருக்குது. நாளைக்குப் புள்ளைங்களுக்கும் ஆளுக்கொண்ணு குடுத்துடு."

"நம்ம ஊருப் புள்ளைங்களுக்காகத்தான்பா வெட்டினேன்."

"என்னாண்ட பேசாத. ஒண்ணு இங்க நான் இருக்கணும், இல்ல நீ இருக்கணும். திங்கக்கெழம காலையில கயிறு சாத்திப் பாத்துடுவோம்."

கொழுந்தனார் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "எதுக்குப்பா திங்கக்கெழம வரைக்கும்? இன்னா வரும்னு எனக்கே தெரியும். பொட்டியக் கட்டி வெச்சிடறேன்."

அவர் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. பற்றை விடு என்ற பதிகம் வந்தால் மகனை விடு என்பதுதான் பொருள். பதினைந்து வயதிலிருந்து அந்தப் பள்ளியைத் தவிர வேறு எதையும் அறியாத மனிதர், திங்கட்கிழமை முற்பகல் ஒரு தகரப் பெட்டியோடு வெளியே நிற்பார். என் கணவரிடம் முறையிட்டேன். "அப்பாவுக்கும் புள்ளைக்கும் நடுவுல நான் இன்னா பேசறது? சாமி சொல்றபடி ஆவட்டும்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை மாடத்தை மெழுகித் துடைப்பது என் வேலை. பதிகப் புத்தகத்தை எடுத்து மணையில் வைத்தேன். அட்டை தானாகச் சாய்ந்து புத்தகம் விரிந்தது. விரிந்த இடத்தில் அந்தப் பதிகம். மூடி வைத்தேன், மறுபடியும் அங்கேயே விரிந்தது. புத்தகத்தின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஏட்டுக்கு நேராக ஒட்டு விட்டுப்போய், நூல் அறுந்து, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. காரணம் விளங்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. மாமனார் நாள்தோறும் விடியற்காலையில் ஓதுவது அந்தப் பதிகம். எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் பக்கத்தைப் பிரித்து, அழுத்தி, எதிரே வைத்துப் பாடியிருக்கிறார். மூடிய புத்தகத்தில் எந்தக் கையால் எப்படிக் கயிற்றைச் செலுத்தினாலும் அது அந்தப் பிளவில்தான் போய் விழும்.

எனக்குக் கோபம் வந்தது. இறைவன்மேல் அல்ல, இறைவன் பெயரை இதில் இழுத்ததற்காக. கோணி தைக்கும் ஊசியும் முறுக்கு நூலும் எடுத்துக்கொண்டு, மைதாமாவில் பசை காய்ச்சி, பட்டப்பகலில் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்தேன். மாமியார் முருங்கைக் கீரையோடு வந்தார்.

"இன்னாம்மா இது! சாமி பொஸ்தகத்துல கோணி ஊசியக் குத்திக்கினு?"

"முதுகு பிரிஞ்சி கெடக்குது அத்த. தானா ஒரே எடத்துல தொறந்துக்குது பாருங்க."

வைத்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஏடு விரியும் இடம் தெரிந்தது.

"இன்னொரு தபா வையி." வைத்தேன். "இன்னொரு தபா." மூன்றாவது முறைக்குப் பிறகு கீரையைக் கீழே போட்டார். "அப்போ அந்தச் சங்கராபுரத்துப் பொண்ணு?"

"அதுவும் இந்த முதுகுதான் அத்த."

"அய்யோ, மூக்கும் முழியுமா இருந்தாளே! உன் மாமன்கிட்ட இப்பவே சொல்லு."

"சொன்னா நம்ப மாட்டாரு. சாமியச் சோதிக்கிறியான்னு கேப்பாரு. தெச்சி வெச்சிட்டா கயிறு பாட்டுக்கு வுழுது."

"அப்பவும் புள்ளையப் போவத்தான் சொல்லிச்சின்னா?"

"சொல்லிச்சின்னா சாமி சொன்னது. பைண்டிங்கு சொன்னதில்ல."

மாமியார் கீரையைத் தள்ளி வைத்தார். பிறகு என் எதிரே உட்கார்ந்து, இரண்டு அட்டைகளையும் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நல்லா இழுத்துத் தை. பொண்ணு போனது போவட்டும், புள்ளையாவது இருக்கட்டும்" என்றார். தைத்து, பசை பூசி, துணி சுற்றிய அம்மிக் குழவியைப் பாரமாக வைத்து, மாலைப் பூசைக்கு முன்பு மாடத்தில் சேர்த்தேன். கிழிந்த ஏட்டைச் செப்பம் செய்வதும் தொண்டுதான். அந்த நினைவு என் நெஞ்சில் உறுதியாக இருந்தது; அச்சம் சிறிதும் இல்லை.

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக்குப் பிள்ளைகள் எல்லாரும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தனார் தூணோரம் நின்றார். உள்ளங்கையில் கோடரி பிடித்த கொப்புளம் உடைந்திருந்தது. தகரப் பெட்டியையும் உண்மையாகவே கொண்டுவந்து காலடியில் வைத்திருந்தார். மாமனார் நீறணிந்து, கண்மூடி நின்று, கயிற்றைச் செலுத்தினார். வழக்கம்போல் அது வழுக்கிக்கொண்டு போகவில்லை. சற்றே அழுத்த வேண்டியிருந்தது. பிரித்தார். நெற்றி சுருங்கியது.

வந்தது வேறொரு பதிகம். ஏதோ ஓர் ஊரைப் பாடியது. வயலில் வாளை துள்ளுகிறது. கமுக மரத்தில் மந்தி ஏறுகிறது. சோலையில் வண்டு முரல்கிறது. அத்தகைய ஊரில் அவன் உறைகிறான். மாமனார் முதற்பாட்டை வாசித்தார். உத்தரவு இல்லை. இரண்டாவதை வாசித்தார்; நாரையும் தாமரையும் வந்தன. கடைசிப் பாட்டு வரைக்கும் தேடினார். இருப்பவர் யார், போகிறவர் யார் என்று ஓர் எழுத்தும் அதில் இல்லை. பதிகம் பாடிய அடியார்கள் பெரும்பாலும் இப்படித்தான் பாடினார்கள். இறைவன் வாழும் இடம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி மகிழ்வதே அவர்களுக்கு வழிபாடு. நம்முடைய வழக்குகளைத் தீர்த்துவைக்க அவர்கள் பாடவில்லை.

"அண்ணி," என்று கொழுந்தனார் என் பக்கம் சாய்ந்து கேட்டார், "மீனு துள்ளுதுன்னா நான் இருக்கணுமா, போவணுமா?"

முன்வரிசைப் பிள்ளைகள் காதில் விழுந்து, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. மாமனார் புத்தகத்தைப் புரட்டினார். முதுகில் என் முறுக்கு நூல் தெரிந்தது.

"யாரு தெச்சது?"

"நான்தான் மாமா. நேத்து."

"யாரக் கேட்டு?"

"பிரிஞ்ச பொஸ்தகத்தத் தெக்க யாரக் கேக்கணும் மாமா? தெனம் நீங்க அந்தப் பக்கத்தத் தொறந்து வெச்சிப் பாடினீங்க. அங்கதான் ஒடிஞ்சி இருந்திச்சி. மூணு தபாவும் கயிறு அந்த ஒடசல்லதான் வுழுந்திச்சி. எனக்கும் அப்படித்தான் வுழுந்திச்சி."

சிரிப்பு அடங்கிவிட்டது. மாமனார் என்னைப் பார்த்தார். என் பயிற்சி நினைவு வந்திருக்க வேண்டும். அதற்கான வயதும் எனக்குக் கடந்திருந்தது. அதைப் பற்றி அவர் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மெல்லிய குரலில் அவர் கேட்டது இது: "அப்போ என் அக்காவுக்குக் குடுத்த நெலம்?"

"அது நல்ல காரியம், அத வுடுங்க," என்றார் மாமியார் பின்னாலிருந்து. "அந்தப் பொண்ணுதான் போச்சி."

மாமனார் புத்தகத்தை மூடி மணையில் வைத்தார். திருநாவலூருக்கு மாதந்தோறும் நடந்தே போய் வழிபட்டு வந்த மனிதர். அவரே கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தார். கேட்பதற்கு இனி எதுவும் இல்லை. மகனிடம் கேட்பதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமையிலிருந்து யாருமே கேட்காத கேள்வியை அவர் கேட்டார்.

"ஏன்டா வெட்டின?"

கொழுந்தனார் நேராக நின்றார். "இத்தினி வருசமா கணக்குச் சொல்லிக் குடுக்கறேன். நல்லாப் படிச்சவன்லாம் இப்ப எங்கப்பா இருக்கான்? கரும்பு வெட்டிக்கினு இருக்கான். மூட்ட தூக்கிக்கினு இருக்கான். ஒவ்வொருத்தனா வந்து, 'சார், மார்க்கு இருக்குது, எடம் இல்லன்றாங்க சார்'னு நிக்கறான். நான் இன்னா சொல்றது? மனு குடுத்தோம், யாரும் படிக்கல. மரம் வுழுந்தா எல்லாரும் எட்டிப் பாக்கறான்."

"இங்க இருக்கற புள்ளைங்களுக்கு மத்தியானத்துக்கு அரிசி இல்ல. லாரி உன் மரத்துக்கு அந்தாண்ட நிக்குது. அது தெரியுமா உனக்கு?"

கொழுந்தனார் முகம் மாறியது. விடுதிப் பொறுப்பாளர் அவர். மூன்று நாளாக அரிசிக் குதிர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "தெரியாதுப்பா" என்றார்.

"போய்க் கொண்டா. கொண்டாந்துட்டு உள்ள வா."

"கொண்டாருவேன். கொண்டாந்துட்டுத் திரும்ப மறியலுக்குப் போவேன். ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

மாமனார் வாசலைக் கைகாட்டினார். "போ. கோடாலி இந்த வாசல ஏறக் கூடாது. நீ ஏறலாம்."

மாமியார் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

பிற்பகலில் அரிசி வந்தது. மறியலில் உட்கார்ந்திருந்தவர்களே எழுந்து, மரத்தின்மேல் நின்று, மூட்டைகளைக் கைமாற்றி இந்தப் பக்கம் இறக்கினார்களாம். நான்கு பேர் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஆளுக்கொரு சொம்பு மோர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அன்று சாப்பாடு தாமதம். கொழுந்தனார் பிள்ளைகளின் கடைசி வரிசையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமனார் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு மறியல்?"

"ஒம்போது மணிக்கு."

"எட்டு மணிக்கு ஏழாவதுக்குக் கணக்கு இருக்குது. பாடம் எடுத்துட்டுப் போ."

"சரிப்பா," என்று அவர் தட்டை என் பக்கம் நீட்டினார். "அண்ணி, கொழம்பு கம்மியா இருக்குது."