ஒரிஜினல் ட்ராக்டருக்கு ஒரு பொட்டு

பழைய ட்ராக்டரின் சீற்றில் குருவி எச்சம் இருந்தால் அதுவும் ஒரிஜினல்தான் என்று நான் நம்பியிருந்தேன். பகிடிக்குச் சொல்லவில்லை. வாங்கிய முதல் கிழமை, காய்ந்து கிடந்த அந்த வெள்ளைக் கட்டியைச் சுரண்டப் போன மனைவியைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தொடாதையும். பழசின்ரை பெறுமதியே உதிலைதான் இருக்கு."

"குருவியின்ரை வயித்துக்குள்ளையிருந்து வந்ததிலையோ?" என்று அவள் கேட்டாள்.

இந்த ஞானம் எனக்கு வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில், கைப்பேசி மூலம் கிடைத்தது. பழைய இயந்திரங்களைச் சேர்ப்பவர்களின் வீடியோக்கள். தாடிக்காரர் ஒருவர் துருப்பிடித்த ஒரு சாமானுக்குப் பக்கத்தில் நின்று, கண் கலங்காத குறையாகச் சொல்லுவார்: திருப்பிப் பெயின்ற் அடித்தால் எல்லாம் போச்சு, ஒரு இயந்திரம் ஒருமுறைதான் ஒரிஜினலாக இருக்கும் என்று. நான் சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி தலையாட்டுவேன். அந்த நாளில் என்னிடம் ட்ராக்டர் என்ன, ஒழுங்கான புல்வெட்டும் மெஷின்கூட இல்லை.

மல்வேர்னில் டவுன்ஹவுஸில் இருந்த காலத்தில் எங்கள் புல்வெளி ஒரு பாய் விரிக்கிற அளவு. கத்தரிக்கோலால் வெட்டினாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பிறகு ஸ்காபரோவின் கிழக்குக் கரையோரமாக ஒரு பழைய பங்களோ வாங்கினோம். வீடு சின்னது, பின்வளவு நீளமோ நீளம். புல்லை வெட்டிக்கொண்டு வேலிவரை போய்த் திரும்பிப் பார்த்தால், தொடங்கின இடத்தில் அது மறுபடி முளைத்து நிற்பது போலிருக்கும். ஏறி இருந்து ஓட்டுகிற சின்னத் தோட்ட ட்ராக்டர் ஒன்று பார்ப்போம் என்று சொன்னவள் மனைவிதான். அதைப் பழையதாகத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தவன் நான்.

நகரத்துக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில், பண்ணை வீடொன்றில் வசித்த வெள்ளைக்கார முதியவர் ஒருவரிடம் அது இருந்தது. வெளிறிப்போன பால் நிறம். பெரிய ட்ராக்டரைக் கழுவிக் காயப் போட்டபோது சுருங்கிவிட்டது போன்ற உருவம். பார்த்த உடனேயே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் எனக்கு முன்னமே ஒரு இளந்தாரி அங்கே நின்று, அளவு நாடாவால் அதன் அகலத்தை அளந்துகொண்டிருந்தான். வேறு எஞ்சின் வைத்து, பெரிய சில்லுப் பூட்டி, றேஸ் ஓடப் போகிறான் என்று நானே முடிவுகட்டினேன்.

அதனால் அந்த முதியவரிடம் போய், யாரும் கேட்காமலே, ஆங்கிலத்தில் ஒரு சத்தியம் செய்து கொடுத்தேன். இதில் ஒரு ஸ்குறூகூட மாற்ற மாட்டேன். எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்திருப்பேன். எதையாவது மாற்றினால் நீங்கள் எந்த நாளும் வந்து இதை எடுத்துக்கொண்டு போகலாம். கையையும் நீட்டினேன். அவர் தாடையைச் சொறிந்தார், அளவு நாடாக்காரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு "ஓகே" என்று கையைக் குலுக்கினார்.

ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு வந்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. பிறம்ரனில் ட்ரக் ஓட்டுகிறான். அவனுடைய ட்ரக்கின் முகப்பு இருட்டில் வந்தால் திருவிழாச் சப்பறம் திரும்புகிற மாதிரி இருக்கும், அவ்வளவு லைற். வழி முழுக்க அவன் திட்டம் போட்டுக்கொண்டே வந்தான்.

"முன்னுக்கு ஒரு எல்ஈடி பார் போடுவம் அத்தான். சீற்றை மாத்துவம். ஸ்பீக்கர் ரண்டு."

"ஒண்டும் போடேலாது. வாக்குக் குடுத்திட்டன்."

"சரி, ஒரு கப் ஹோல்டர் எண்டாலும் பூட்டுவம்."

"ஓட்டை போடோணும். ஏலாது."

"அப்ப தேத்தண்ணியை எங்கை வைக்கிறது?"

"காலுக்கிடையிலை."

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

அந்தக் கோடை முழுக்க நான் தேத்தண்ணிக் கோப்பையைக் காலுக்கிடையில் வைத்தே புல் வெட்டினேன். விளைவுகளை இங்கே விபரிக்கத் தேவையில்லை.

வந்த கிழமையே மனைவி கோயிலில் வாகனப் பூசைக்கு ஒழுங்கு செய்துவிட்டாள். புல் வெட்டுகிறதுக்கு ஏன் பூசை என்று கேட்டேன். "நாலு சில்லும் எஞ்சினும் இருந்தா அது வாகனம்தான். ஓட்டப் போறது நீங்கள். கட்டாயம் செய்யோணும்" என்றாள். எங்கள் ஆட்களில் கார் வாங்கினால் முதல் ஓட்டம் கோயிலுக்குத்தான். ஆனால் ட்ரெயிலரில் ஏறிக் கோயிலுக்கு வந்த முதல் வாகனம் எங்களுடையதாகத்தான் இருக்கும். கார் பார்க்கில் பளபளத்த மூன்று புதுக் கார்களுக்கு அடுத்ததாக அதை இறக்கினோம். ஐயர் தட்டோடு வந்து அதை முன்னும் பின்னும் பார்த்தார்.

"உதுக்கு நம்பர் பிளேற் இல்லையோ?"

"இல்லை ஐயா, வளவுக்குள்ளைதான் ஓடும்."

"நல்லது. அப்ப ஆபத்து உங்கடை வளவுக்கு மட்டும்தான்" என்றுவிட்டு என் நட்சத்திரத்தைக் கேட்டார். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, எஞ்சினை மூடுகிற பொனற்றின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் பெருவிரலால் குங்குமம் வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அந்த இடத்தில்தான் இரண்டு கொள்கைகள் ஒன்றுசேர்ந்தன. பொட்டை நாங்கள் துடைக்கக் கூடாது, அது தானாகவே போகவேண்டும் என்பது மனைவியின் கொள்கை. ஒரிஜினல் சாமானில் தண்ணீர் படக் கூடாது என்பது என்னுடையது. மழைக்குத் தறப்பாள் போட்டு மூடினேன், வெயிலுக்குக் கொட்டிலுக்குள் விட்டேன். பொட்டு தானாகப் போவதற்கு நான் ஒரு வழியும் விட்டுவைக்கவில்லை.

மற்றபடி அது சந்தோசமான கோடை. சனிக்கிழமைக் காலைகளில் ஒரு மணித்தியாலம் அதன்மேல் ஏறி இருப்பேன். குழந்தை வண்டில் தள்ளுகிறவர்கள் என்னை முந்திக்கொண்டு போவார்கள், கையும் காட்டுவார்கள். எஞ்சின் போடுகிற சத்தத்தில் வீட்டிலிருந்து கூப்பிடுகிற எதுவும் எனக்குக் கேட்காது. கேட்டாலும் கேட்காது.

ஓகஸ்ட் கடைசியில் அந்த முதியவர் என் தொலைபேசியில் குரல் செய்தி விட்டிருந்தார். சனிக்கிழமை உங்கள் பக்கம் வருகிறேன், ட்ராக்டரைப் பார்க்கவேண்டும், உங்களிடம் ஒரு விசயமும் சொல்லவேண்டும். அவ்வளவுதான். அதை நான் பதினொரு தரம் கேட்டேன். கேட்கக் கேட்கக் குரல் கடுமையாகிக்கொண்டே போனது. கடைசித் தரம் கேட்டபோது அவர் ட்ரெயிலரோடு வருகிறார் என்பது எனக்கு நிச்சயமாகிவிட்டது.

கொட்டிலுக்கு ஓடினேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டிருந்தது. குங்குமம் மட்டும் பெயின்ற்றுக்குள் இறங்கி, பொனற்றின் நட்ட நடுவில் இளஞ்சிவப்பாக ஊறிப்போய் நின்றது. ஒரு ஸ்குறூகூட மாற்ற மாட்டேன் என்றவன் அதன் நெற்றியிலேயே கைவைத்திருக்கிறேன்.

முதலில் பாத்திரம் கழுவுகிற சோப். பிறகு தேசிக்காய். பிறகு அப்பச்சோடா. மூன்றுக்கும் அது அசையவில்லை. வெள்ளிக்கிழமை விடிய மனைவியின் மேசையிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற போத்தலை எடுத்தேன். ஒரே தேய்ப்பில் சிவப்புப் போய்விட்டது. சிவப்போடு பால் நிறமும் போய்விட்டது. அடியில், ஒரு டொலர் நாணயக் குற்றி அளவில், நல்ல பச்சை.

மச்சானைக் கூப்பிட்டேன்.

"உள்ளுக்குப் பச்சையோ? அத்தான், அப்ப உது ஒரிஜினல் இல்லைப் போலை."

"விசர்க்கதை கதையாதை. கொம்பனிக்காரன் முதல் பச்சை அடிச்சுத்தான் மேலை வெள்ளை அடிக்கிறவன்."

"எந்தக் கொம்பனி?"

"எல்லாக் கொம்பனியும்."

உரிந்து வந்த பெயின்ற் துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்த பெண் அதை நிறம் பார்க்கிற மெஷினில் வைத்தாள். அச்சொட்டாக ஒரு நிறம் வந்தது. வீட்டு விறாந்தைக்கா, வேலிக்கா என்று கேட்டாள். ட்ராக்டருக்கு என்றேன். அவள் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது விறாந்தைக்கு அடிக்கிற பெயின்ற் என்றாள். அந்தக் காலத்தில் ட்ராக்டருக்கே விறாந்தைப் பெயின்ற் போல உறுதியானதை அடித்திருக்கிறார்கள், என்ன தரம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தேன். பயந்தவனுக்கு எதைக் காட்டினாலும் அவன் தனக்கு வேண்டியதைத்தான் பார்ப்பான். நான் அன்றைக்கு நல்லாகப் பயந்திருந்தேன்.

வாங்கி வந்த பெயின்ற்றைப் பூசிய இடம் புதுப்பல் கட்டினதுபோல மினுங்கியது. மினுக்கத்தைக் குறைக்க மண்ணெடுத்துத் தேய்த்தேன். மனைவி வந்து பார்த்தாள்.

"அம்மாள் வருத்தம் வந்து தழும்பு விழுந்த முகம் மாதிரிக் கிடக்கு" என்றாள்.

"அந்தாள் நாளைக்கு வந்து கொண்டுபோகப் போறார். நான்தான் சொன்னனான், மாத்தினா வந்து எடுங்கோ எண்டு."

"அவர் கேட்டவரோ?"

"இல்லை."

"பிறகேன் சொன்னனீங்கள்?"

அவள் உள்ளே போய், சுவாமி அறையிலிருந்து சந்தனத்தையும் குங்குமத்தையும் கொண்டுவந்தாள். என் திருத்தவேலை முழுவதும் மறைகிற மாதிரி, ஐயர் வைத்ததைவிட இரண்டு மடங்கு பெரிய பொட்டு ஒன்றை வைத்தாள்.

"கேட்டாச் சாமி எண்டு சொல்லுங்கோ. சாமியை ஆரும் சுரண்டிப் பாக்கமாட்டினம்."

சனிக்கிழமை மச்சான் றோல்ஸ் பெட்டியோடு காலையிலேயே வந்துவிட்டான். உதவிக்கு வரவில்லை, பார்க்க வந்தான். கதிரையையும் கொட்டிலுக்கு நேரே போட்டுக்கொண்டான். நான் குளியலறையில் இரண்டு நாள் பாடமாக்கிய ஆங்கில உரையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முதியவர் பிக்கப்பில் வந்தார். பின்னால் ட்ரெயிலர் இல்லை. பிக்கப்பின் பின்பெட்டியில் ஏற்றிப் போவாராக்கும் என்று நினைத்தேன். கையில் ஒரு கடதாசிப் பை. ட்ராக்டரை ஒருதரம் சுற்றி வந்து, பொட்டுக்கு முன்னால் நின்றார். நான் "சாமி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் இரண்டு நாள் பாடமாக்கியது முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. கோயில், குங்குமம், தேசிக்காய், நகப்பூச்சுப் போத்தல், பச்சை, கடைப் பெண், மண். கடைசியில், வாக்கு வாக்குத்தான், நீங்கள் கொண்டுபோகலாம் என்றேன்.

"சாமி எண்டு மட்டும் சொல்லுங்கோ எண்டு விட்டா, இவர் சாத்திரம் முழுக்கச் சொல்லிப்போட்டார்" என்றாள் மனைவி மெதுவாக.

முதியவர் கேட்டது ஒன்றுதான்: "அடியில் பச்சை இன்னும் இருக்கிறதா?"

அந்தப் பச்சைதான் ட்ராக்டரின் சொந்த நிறமாம். தன் மனைவிக்கு அது கண்ணில் காட்டக் கூடாதாம். விறாந்தைக்கு அடித்த பெயின்ற்றில் மிச்சம் இருந்ததாம், தானே பிறஷ் எடுத்து அடித்துவிட்டாராம். சீற் ஒரு படகிலிருந்து கழற்றியது. எஞ்சின் வேறொரு மெஷினுடையது. ஸ்டியரிங் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே நினைவில்லை.

அப்போது இதில் எதுதான் ஒரிஜினல் என்று கேட்டேன். அவர் குனிந்து உண்மையாகவே தேடிப் பார்த்தார்.

"பின் சில்லு இரண்டும்" என்றார். பிறகு மற்றப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "இல்லை, ஒன்று" என்றார்.

மச்சான் கதிரையிலிருந்து எழும்பி வேலிப் பக்கம் திரும்பி நின்றான். தோள் இரண்டும் குலுங்கின.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கதைத்துக்கொண்டே இருந்தீர்கள், சந்தோசமாகவும் இருந்தீர்கள், எங்கே இடையில் புகுவது என்று தெரியவில்லை என்றார். அளவு நாடாவோடு நின்றவன் அவருடைய மருமகன் முறையானவனாம். ட்ராக்டர் வெளியே போகக் கொட்டில் கதவின் அகலம் போதுமா என்று பார்க்க வந்தவனாம்.

பிறகு அவர் கடதாசிப் பையைத் திறந்தார். சூப் வந்த தகர ரின்னை வெட்டி, இரும்புத் தகட்டில் ஒட்டிச் செய்த ஒரு சாமான். விற்கமுன் வடிவில்லை என்று கழற்றி வைத்தாராம். ஒன்றையும் மாற்ற மாட்டேன் என்று நான் சத்தியம் செய்தபோது, முழுதாகத் தரவில்லையே என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டதாம். கோடை முழுக்க அது மனதில் கிடந்து உறுத்தியிருக்கிறது. சொல்ல வந்த விசயமும் அதுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு ஸ்குறூ ஓட்டைகள் இருக்கும் பாருங்கள் என்று காட்டினார். அந்த ஓட்டைகள் எனக்குத் தெரியும். கொம்பனி போட்டவை என்று தூசிகூடத் தட்டாமல் காப்பாற்றி வந்தேன்.

போகும்போது பொட்டைக் காட்டி, இது ஆசீர்வாதமா என்று கேட்டார். ஓம் என்றேன். "நல்லது. அதற்குப் பிரேக் குறைவு" என்றார்.

அவர் ட்ராக்டரைக் கொண்டுபோகவில்லை. தேத்தண்ணி குடித்தார், இரண்டு றோல்ஸ் சாப்பிட்டார், போனார். மச்சான் அவர் கொண்டுவந்த கப் ஹோல்டரைப் பூட்டினான். மனைவி வாளியில் தண்ணி கொண்டுவந்து சீற்றைக் கழுவினாள்.