செருப்பு ஊருக்குத் திரும்பிய நாள்

போன வாரம் பழைய பைனாகுலரின் தோலுறையைத் திறந்தேன். மூலையிலிருந்து ஒரு சிட்டிகை மணல் உதிர்ந்தது. முகர்ந்தால் உப்பு வாடை. சட்டென்று உறையை மூடினேன். ஒரு சிட்டிகை மணலுக்கு இவ்வளவு பயமா என்பீர்கள். இது வேறு மணல்.

பைனாகுலர் தேவசகாயம் சாருடையது. அவர் போனபின் அவர் மனைவி கொடுத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் விலங்கியல், நான் கணக்கு. ஐப்பசியில் பாலாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை என்னையும் பஸ் ஏற்றினார்.

"நம்ம ஊரு ஆத்துத் தண்ணி அங்கதான் போயி சேருது சார்."

"தண்ணின்னு ஒண்ணு இருந்தாத்தானே சார்?"

எங்கள் ஆறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். யாருக்கும் நீச்சல் தெரியாது. பழகத் தண்ணீர் வேண்டுமே. ஆனால் ஜவ்வாது மலையில் மேகம் கறுத்தால் சொல்லாமல் வெள்ளம் வரும். அதனால் நாலு பேர் மணலில் இறங்கினால் ஒருவன் மேற்கே பார்த்துக்கொண்டே நடப்பான்.

முகத்துவாரத்திலும் அதே ஏற்பாடுதான். கணுக்கால் தண்ணீரைத் தாண்டி நடுத்திட்டில் ஏறினோம். உள்ளான், ஆலா, மணல் தெரியாமல் பறவை. மேற்கே மேகம்.

"நீங்க மேக்க பாத்துகினு இருங்க, நான் எண்ணிடறேன்" என்றார்.

இமைக்காமல் பார்த்தேன். பரீட்சை ஹாலில்கூட அப்படிக் காவல் காத்ததில்லை. திடீரென்று ஆயிரம் பறவையும் ஒரே இரைச்சலாக எழுந்தன. 'ஆகா' என்று ரசித்தேன். அப்போது, கழற்றி வைத்திருந்த என் செருப்பு என்னைத் தாண்டி மேற்கே மிதந்து போனது. ஆற்றில் போட்டது கிழக்கேதானே போகும்? இது ஆரணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

திரும்பினேன். முதுகுப் பக்கம் திட்டே இல்லை. கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. முழங்கால், இடுப்பு. காலடியில் மணல் கரைந்து நழுவியது. சார் ஏசுவைக் கூப்பிட்டார். நான் ஆரணியிலிருந்து சந்தவாசல் வரைக்கும் உள்ள சாமிகளை மனசுக்குள் வரிசையாகக் கூப்பிட்டேன்.

கரையில் மட்டி பொறுக்கிய அம்மாள் ஒருத்தி கத்தினாள். "யோவ், மேல பாத்துகினு நிக்கிறீங்க, தண்ணி கீழ கடல்ல இருந்து வருது! நேரா வராதீங்க, பள்ளம்! என்னையே பாத்துகினு சோத்துக்கைப் பக்கமா வாங்க, ஜல்தி!"

அவள் முகத்தையே பார்த்து நடந்தோம். ஒரு இடத்தில் தண்ணீர் கழுத்துக்கு வந்தது. சார் கை என் கையில். பைனாகுலர் என் தலைமேல். கரையில் விழுந்ததும் சார் கேட்டார்: "எண்ணினது எவ்ளோ சொன்னேன்?"

போன ஐப்பசியில் தனியாகப் போனேன். உள்ளான் பதினாலு. எண்ண ஒரு நிமிஷம் ஆகவில்லை. திட்டில் ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. சட்டென்று அந்தப் பதினாலும் எழுந்தன. ஒருவரும் தலை தூக்கவில்லை. நான் துண்டை வீசி, "பின்னால பாருங்க, பின்னால!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரோ பைத்தியக்காரக் கிழவன் என்று சிரித்தபடியே கரையேறினார்கள்.

முன்பு அப்படிக் கத்தும் வேலைக்கு ஆயிரம் பறவைகள் இருந்தன.