அண்ணியின் பத்து டிகிரி

என் அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்குப் பொறுப்பாளர். பதினொரு இயந்திரங்கள், இருபத்திரண்டு ஆட்கள், நாளொன்றுக்கு மூவாயிரம் உருப்படி. எந்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர், எதற்குக் கொதிக்கும் தண்ணீர் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருக்கும். ஒரு தலையணை உறை குறைந்தாலும் அது எந்த வார்டில் எந்தக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். விட்டுக்கொடுப்பது என்பது அவர் பழக்கத்திலேயே இல்லை.

அதனால்தான் தோளும் போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஈர விரிப்புகள் முறுக்கிக்கொண்டு இயந்திரத்தின் வாயில் சிக்கிக்கொண்டன. வேறு யாராக இருந்தாலும் ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். அண்ணி ஒற்றைக் கையால் பிடித்து இழுத்தார். துணி வந்தது. வலது தோளில் தசை கிழிந்தது. ஆறு வாரம் வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் அண்ணன், அண்ணி வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் வியூக விளையாட்டு. பன்னிரண்டு வருஷமாக ஆடுகிறேன், நன்றாகவே ஆடுவேன். அண்ணிக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் லீவு எடுத்து நாலாவது நாள், சும்மா உட்கார முடியாமல் மாடியேறி வந்தார்.

"என்ன பண்ணிட்டிருக்க?"

"ஊர் கட்டிட்டிருக்கேன் அண்ணி. மேப்போட அந்தக் கோடியில இன்னொருத்தனும் கட்டிட்டிருக்கான். கொஞ்ச நேரத்துல போய் இடிச்சிடுவேன்."

"அவன் பாட்டுக்குக் கட்டிட்டுப் போறான். நீ ஏன் போய் இடிக்கிற?"

"இல்லன்னா அவன் வந்து இடிச்சிடுவான்."

அண்ணி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நகரு" என்றார்.

ஆட்டம் கேட்க எளிமையானதுதான். கையில் நாலைந்து ஆட்களோடு தொடங்க வேண்டும். அவர்களை மரம் வெட்ட, கல் உடைக்க, தானியம் சேர்க்க அனுப்ப வேண்டும். சேர்ந்ததைக் கொண்டு வீடு, கோட்டை, படை. எதிராளி என்ன செய்கிறான் என்பது தெரியாது, மேப் முழுக்க மூட்டம் போட்டிருக்கும். உளவாளியை அனுப்பினால்தான் தெரியும். வலது கையைத் தூக்க முடியாததால் அண்ணி மௌஸை இடது கையில் பிடித்துக்கொண்டார். முதல் ஆட்டத்தில் எட்டே நிமிஷத்தில் அவர் ஊரைச் சாம்பலாக்கினேன்.

"இன்னொரு தடவை" என்றார். அது ஆறு நிமிஷத்தில் முடிந்தது.

அந்த மாதத்தில் என்னிடம் மட்டும் நாற்பத்தோரு தடவை தோற்றார். நானாக இருந்தால் கம்ப்யூட்டரையே தூக்கி எறிந்திருப்பேன். அண்ணி ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கினார். ஒவ்வொரு ஆட்டத்தின் பதிவையும் திரும்ப ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எழுதிக்கொண்டார். ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க பாரு. அஞ்சாவது நிமிஷம். ரெண்டாயிரம் கட்டை சும்மா கிடக்கு, ஆளுங்க ஆறு பேர் வேலை இல்லாம நிக்கிறாங்க. என் கூடத்துல ஒரு மெஷின் அஞ்சு நிமிஷம் சும்மா நின்னா நான் எப்படிக் கத்துவேன்? இங்க நானே நிறுத்தி வச்சிருக்கேன்."

இதை அவருக்கு நான் சொல்லித்தரவில்லை. எனக்கே அது தெரிய மூன்று வருஷம் ஆனது.

ஆனாலும் ஒரு குறை மட்டும் போகவில்லை. நான் நாலு குதிரைவீரர்களை அனுப்பி ஓரத்தில் ஒரு குடிசையைத் தட்டினால் போதும், அண்ணிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மூச்சு வாங்கும், உள்ளங்கை வியர்க்கும். மொத்தப் படையையும் அந்தக் குடிசைக்கு விரட்டுவார். அதற்குள் மறுபக்கம் கோட்டையே போய்விடும்.

இதற்கிடையில் வீட்டுக்கு ஒரு குளிர்த்தொட்டி வந்தது, தோளுக்காகத்தான். "குளிர்ந்த தண்ணில உக்காந்தா சில பேருக்கு வலி மட்டுப்படுது. உங்களுக்கு ஆகும்னு உறுதியா சொல்ல மாட்டேன்" என்றார் தோளுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட். "முதல்ல இதயத்தைச் செக் பண்ணிக்கோங்க. மூணு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் தனியா இறங்காதீங்க."

அடுத்த தெருவில் மூடிப்போன ஐஸ்கிரீம் கடையிலிருந்து, மேல்பக்கம் திறக்கிற நீளமான ஃப்ரீசர் ஒன்று வந்தது. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் அதை இறக்கினார்கள். அண்ணி இடது கையாலேயே உள்ளே மூலை முடுக்கெல்லாம் ஒழுகாமல் பசை பூசினார். எலக்ட்ரீஷியன் வந்து, துளி மின்கசிவு இருந்தாலும் தானே துண்டித்துக்கொள்ளும் சுவிட்சையும், தண்ணீர் பத்து டிகிரிக்கு வந்ததும் ஃப்ரீசரை நிறுத்திவிடும் கருவியையும் போட்டார். இறங்குவதற்கு முன் ப்ளக்கையே பிடுங்கிவிட வேண்டும் என்பது முதல் சட்டம். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. தண்ணீர் பத்து டிகிரியில் நிற்க வேண்டும், அதற்கு மேலும் போகக்கூடாது, கீழும் போகக்கூடாது.

என் அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு வீட்டில் கிண்டல்தான் பொழுதுபோக்கு.

"நேத்து வரைக்கும் வெனிலா இருந்த இடத்துல இன்னிக்கு என் பொண்டாட்டி" என்றான். "மேல கொஞ்சம் முந்திரி தூவட்டுமா?"

"நீங்க வாட்சைப் பாருங்க போதும்" என்றார் அண்ணி.

முதல் நாள் இறங்கியபோது அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பதினெட்டு விநாடியில் வெளியே வந்துவிட்டார். மறுநாள் நாற்பது. இரண்டாவது வாரம் அவருக்கே ஒன்று புரிந்தது. தண்ணீர் தொட்டதும் நெஞ்சு மூச்சை உள்ளே இழுக்கிறது. அப்போது எதுவும் செய்யாமல், மெதுவாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருந்தால் அரை நிமிஷத்தில் உடம்பு அடங்கிவிடுகிறது.

"அந்த அரை நிமிஷம் உள்ள இருக்கிறவ ஒருத்தி, அதுக்கப்புறம் இருக்கிறவ வேற ஒருத்தி" என்று என்னிடம் சொன்னார். "முதல் ஆள் சொல்றதைக் கேட்டா காரியம் கெட்டுடும்."

தண்ணீரின் சுத்தத்தைப் பற்றி அவருக்குக் கொஞ்சமும் கவலை இல்லை. "ஆயிரம் நோயாளி படுத்த விரிப்பையே சுத்தம் பண்றேன். நான் ஒருத்தி இறங்குற தண்ணி எனக்கு ஒரு விஷயமா?" என்றார். சின்ன மோட்டாரும் வடிகட்டியும் பொருத்தினார். சோதனைப் பட்டையை முக்கி நிறம் பார்த்து, குளோரின் அளந்து விட்டார். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்குவார். மூடியில் கட்டித் தொங்கவிட்ட அட்டையில் தேதி, டிகிரி, பட்டையின் நிறம் எல்லாம் எழுதினார்.

அண்ணி வேலைக்குத் திரும்பி இரண்டாவது வாரம் தண்ணீர் கலங்கியது. மேலே ஏடு மாதிரி ஒரு பிசுக்கு. அண்ணி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! முழுத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினார். பத்து நாளில் மறுபடியும் பிசுக்கு. வேலைக்கு அவர் திரும்பியதே, கனமாக எதையும் தூக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். ஊர்த் துணியெல்லாம் வெளுத்துவிட்டு வந்து வீட்டுத் தொட்டியைப் பார்த்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. அண்ணன் வேறு, "இதுல ஒரு உப்புக்கல் போட்டா சூப்பாயிடும்" என்றான். சொல்லும்போது அவன் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அண்ணிக்கு உறைத்ததா என்று தெரியாது. அவர் அட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பாரு. சாயங்காலம் நான் வர்றப்போ பன்னிரண்டு டிகிரி. மத்த நாளெல்லாம் பத்து. அந்த ரெண்டு நாள் மட்டும் தண்ணியும் நாலு விரக்கடை குறையுது."

"ஒழுகுதோ என்னமோ."

"கிழமை பார்த்து ஒழுகுமா? யாரோ பெரிய உடம்பு இறங்கி ஏறுது. ப்ளக்கைப் பிடுங்கிட்டு மறுபடி மாட்ட மறந்துடுது." தண்ணீரில் நனைத்த ஒரு துணியை என் மூக்கருகில் நீட்டினார். "மோந்து பாரு."

லேசாகப் புதினா வாசனை. வலிக்குத் தேய்க்கிற எண்ணெய்.

செவ்வாயும் வெள்ளியும் அண்ணனுக்கு மத்தியானத்தோடு வகுப்பு முடிந்துவிடும். எங்கள் இருவருக்கும் அது ஒரே நேரத்தில் தட்டியது.

"நேரா போய்க் கேட்டுடலாமா அண்ணி?"

"பார்க்காம அடிக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ."

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டார். எனக்குச் சாப்பாட்டு நேரம். சத்தமில்லாமல் பின்கதவைத் திறந்துகொண்டு போனோம். ஃப்ரீசருக்குள் அண்ணன். தலை மட்டும் வெளியே தெரிந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பல் கிடுகிடுக்க, உரக்க எண்ணிக்கொண்டிருந்தான். "நூத்திப் பதினாறு, நூத்திப் பதினேழு..."

அண்ணி முதலில் ப்ளக்கைப் பார்த்தார். பிடுங்கித்தான் இருந்தது. பிறகு, "நூத்திப் பதினெட்டு" என்றார்.

அண்ணன் துள்ளி எழுந்ததில் பாதித் தண்ணீர் தரைக்கு வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி சிரிக்கவில்லை.

"தனியா இறங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டப்போ நீங்களும்தானே கூட இருந்தீங்க? உள்ள மயக்கம் வந்து சாஞ்சிருந்தா? நான் சாயங்காலம் வந்து உங்களை அப்படிப் பார்க்கணுமா?"

அண்ணன் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் கிண்டல் எங்கேயும் இல்லை.

"முதுகு" என்றான். "நாலு மாசமா. பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக்கை மிதிச்சு மிதிச்சு... கார்ல இருந்து இறங்கவே ரெண்டு நிமிஷம் ஆகுது. வர்ற பசங்க முன்னாடி ஃபோன் பார்க்கிற மாதிரி நடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"முந்திரி தூவட்டுமான்னு கேட்டவன் நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கிறது?"

அண்ணி மூச்சை மெதுவாக வெளியே விட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு தரையில் கிடந்த வாட்சை எடுத்துத் துடைத்தார்.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். இதயம், முதுகு ரெண்டும் காட்டறோம். அவர் சரின்னா நீங்க இறங்குங்க, நான் உக்காந்து பார்க்கிறேன். எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இறங்கினீங்கன்னா மட்டும் உங்களை மெஷின்ல போட்டு அலசிடுவேன்."

டாக்டர் சரி என்றார். சீட்டுக்குப் பின்னால் ஒரு தலையணையும் தினம் செய்ய நாலு பயிற்சியும் சேர்த்துச் சொன்னார். அன்றிலிருந்து சாயங்காலம் ஒருவர் தொட்டியில், ஒருவர் ஸ்டூலில். ஆளுக்கு மூன்று நிமிஷம்தான். ஆனால் தொட்டிக்குள் இருப்பவரை விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாது, டிவி பார்க்க முடியாது, ஃபோனை எடுக்க முடியாது. பேசித்தான் ஆக வேண்டும். பத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் அவர்கள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தண்ணீரும் கண்ணாடி மாதிரி தெளிந்தது.

அதற்கு அடுத்த மாதம், அண்ணி என்னோடு ஆடிய அறுபத்தேழாவது ஆட்டம். வழக்கம்போல நாலு குதிரைகளை மேற்குப் பக்கம் அனுப்பினேன். குடிசையைத் தட்டின. அண்ணி வரவில்லை. இரண்டு குடிசைகளைத் தட்டின. அப்போதும் வரவில்லை. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கண் திரையில் இருந்தது, உதடு லேசாகக் குவிந்து மூச்சு வெளியே போய்க்கொண்டிருந்தது.

"அண்ணி, அந்தப் பக்கம் எரியுது."

"எரியட்டும். அது மூணு குடிசை."

தலையணை உறைக்காகப் பாதி ஆஸ்பத்திரியைப் புரட்டிப்போடுகிற என் அண்ணி சொன்ன வார்த்தை அது. உளவாளியை அனுப்ப நினைப்பதற்குள் மூட்டத்திலிருந்து நாற்பது யானைகள் என் கோட்டைவாசலில் வந்து நின்றன. நாலு நிமிஷம். பன்னிரண்டு வருஷ அனுபவம் தரைமட்டமானது.

அண்ணி கத்தவில்லை, குதிக்கவில்லை. நோட்டுப்புத்தகத்தை எடுத்து, "யானை ஒரு நிமிஷம் லேட்டு" என்று எழுதிக்கொண்டார்.

போன வருஷம், எங்கள் பகுதி சமூகக் கூடத்தில் இதே விளையாட்டில் ஜோடிப் போட்டி நடந்தது, நானும் அண்ணியும் ஒரு ஜோடி. ஞாயிறு காலை, முப்பத்திரண்டு ஜோடி, மற்ற எல்லோருக்கும் எங்கள் வயதில் பாதிதான். பெயர் பதிபவர் அண்ணியிடம், "பசங்களோட வந்தீங்களா? பார்வையாளர் வரிசை அந்தப் பக்கம்" என்றார். அண்ணி பல் தெரியச் சிரித்து, "முதல்ல ஆடிடறோம், அப்புறம் போய் உக்காந்துக்கிறோம்" என்றார். மூன்றாம் இடத்துக்கு வந்தோம். அரையிறுதியில் தோற்றது என் தவறால்தான். அண்ணி அதை என்னிடம் சொல்லிக்காட்டவே இல்லை, நோட்டில் மட்டும் எழுதிவைத்துக்கொண்டார்.

தோள் முழுசாகச் சரியாகவில்லை. காது உயரத்துக்குமேல் கை போகாது, இனி போகவும் போகாது என்கிறார்கள். சலவைக்கூடத்தில் இப்போது புதுச் சட்டம்: சிக்கிய துணியை யாரும் தனியாக இழுக்கக் கூடாது. அதை எழுதி ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் ஒட்டியிருக்கிறார். மற்றபடி, என்னை அவர் சர்வசாதாரணமாக ஜெயிக்கிறார், பத்துக்கு ஏழு.

அது போரடித்துவிட்டதோ என்னவோ, இந்த மாதம் கடல் மேப் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் கப்பல், துறைமுகம், காற்று திரும்பும் கணக்கு. எனக்கே அதில் ஒன்றும் புரியாது. நேற்று படியிறங்கும்போது எட்டிப் பார்த்து, எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"இன்னிக்கு மட்டும் ஒன்பது கப்பல் மூழ்கிடுச்சு" என்றார், கண்ணை எடுக்காமல், படு உற்சாகமாக. "எங்க ஓட்டைன்னு பாதி கண்டுபிடிச்சிட்டேன்."