பிரிஸ்கில்லா டீச்சரின் ஒலிப் பாடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஆளுயரத்துக்கு ஒரு பிளைவுட் தடுப்பு நிற்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேலே ஓடு வரைக்கும் திறந்த வெளி. அந்தப் பக்கம் ஒருத்தன் தும்மினால் இந்தப் பக்கம் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சுவர் கட்டித் தருகிறோம் என்று நிர்வாகம் சொல்லிச் சொல்லியே பதினாறு வருஷம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் அந்தத் தடுப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு நாள் நானே கோடாலியோடு போய் அதைப் பிளக்கப்போகிறேன், வேலை போனால் போகட்டும்.

நான் ரஃபியா, கணக்கு டீச்சர். பிரிஸ்கில்லா அறிவியல் டீச்சர். இரண்டு பிரிவுக்கும் நாங்கள் மாறி மாறிப் போவோம். நான் ஏ பிரிவில் இருந்தால் அவள் பி பிரிவில் இருப்பாள். ஆக மொத்தம் பதினாறு வருஷமும் எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பலகைதான்.

என் தொண்டை திண்டுக்கல் பேகம்பூருக்கே தெரிந்த தொண்டை. மாடியில் நின்று மகனைக் கூப்பிட்டால் தெருமுனை டீக்கடையில் இருக்கிறவர்கள் அவனை அனுப்பிவைப்பார்கள். கணக்கைக் கத்திச் சொன்னால்தான் பிள்ளைகள் மண்டையில் ஏறும் என்பது என் கட்சி. நான் ஒரு வரி சொல்ல, நாற்பது பேரும் சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும். பிரிஸ்கில்லாவுக்கு மெல்லிய குரல். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடல் வரிகளை அவள்தான் முதலில் எடுத்துக்கொடுப்பாள். பாடத்தையும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாள், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

அவளுக்குச் சொந்த ஊர் வடமதுரை. அப்பா ஞானதாஸ் திண்டுக்கல் திருச்சி வண்டியில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். இவள் கல்லூரியில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்புறம் அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய், இன்று பகலும் இரவும் அவருக்கு ஒன்றுதான். கல்யாணம் என்று பேச்செடுத்தால் பிரிஸ்கில்லா சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அவருக்குக் கண்ணாக இருந்தது அவள் குரல்தான். படி வருது, அடுப்பு பக்கத்துல இருக்கு, டம்ளர் வலது கைப் பக்கம் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

கண்டக்டர் மகள் அல்லவா, என் சத்தம் எல்லை மீறினால் டஸ்டரால் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவாள். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும். நான் நிறுத்துவேன். அவள் பாடத்தில் முக்கியமானதைச் சொல்லி முடித்ததும் இரண்டு தட்டுத் தட்டுவாள். ரைட், போகலாம் என்று அர்த்தம். நான் புறப்படுவேன். பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை. ஆனால் அவள் தட்டிய நாட்களை விட, தட்டாமல் என் சத்தத்துக்கு மேலே தன் குரலை ஏற்றிக்கொண்ட நாட்கள்தான் அதிகம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தால் இன்று இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

இந்த வருஷம் காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது அவள் குரல் கட்டியிருந்தது. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை, உப்புத் தண்ணீர் என்று யார் எதைச் சொன்னாலும் செய்தாள். மூன்று வாரமாகியும் தெளியவில்லை. பூசையில் பாடுவதை நிறுத்திக்கொண்டாள். நவம்பர் தொடக்கத்தில் நான்தான் அவளைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். பத்து வாரம் ஒரு சொல் பேசக் கூடாது. கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல். பேசினால் குரல் திரும்பி வருவதற்கு நான் பொறுப்பில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அப்புறம், யார் கூட போட்டி போட்டு இப்படிக் கத்துனீங்க என்று கேட்டார். பிரிஸ்கில்லா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து வாரம் லீவு போடு என்று யாரும் சொல்லிவிடலாம். அவளுடையது நிர்வாகம் போட்ட தற்காலிகப் பணியிடம். ஒப்புதல் வரும் வரும் என்று பதினாறு வருஷமாகக் காத்திருக்கிறாள். நீண்ட லீவு போட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் வந்து உட்காருவார். தலைமையாசிரியர் சூசைராஜ் சார் அதை நல்லவிதமாகத்தான் சொன்னார். நல்லவிதமாகச் சொன்னால் மட்டும் வலிக்காதா என்ன? அரையாண்டுக்குள் பாடம் முடிய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அதனால் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். தடுப்பை ஓரமாக நகர்த்தினோம். இரண்டு பிரிவையும் ஒன்றாக உட்காரவைத்து, அவள் கரும்பலகையில் எழுத, நான் வாயால் சொன்னேன். வெப்பம், மின்னியல், அமிலம், காரம் எல்லாம் கணக்கு டீச்சர் வாயால் நடந்தது. நான் தப்பாகச் சொன்னால் அவள் சுண்ணாம்புக் கட்டியால் மேசையில் ஒரு தட்டு. திருத்திச் சொன்னால் இரண்டு தட்டு. பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கேலியாகச் சிரிப்பார்கள், பரவாயில்லை. சார் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

வீட்டில்தான் பயமாக இருந்தது. பேச்சே இல்லாத வீட்டில் பார்வை இல்லாத மனிதர் என்ன செய்வார்? முதல் நாள் மகள் கோபித்துக்கொண்டாள் என்று நினைத்துச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் நான் போய் விவரம் சொன்னேன். அவர் நாற்காலிக் கையில் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு, "விசில் இருக்குல்ல தாயி. தட்டச் சொல்லு. ஒண்ணுன்னா நிக்கிறேன், ரெண்டுன்னா நடக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கரண்டிக் காம்பின் சத்தம்தான். அவர் அடுப்புப் பக்கம் போனால் ஒரு தட்டு. சரியான பக்கம் திரும்பினால் இரண்டு தட்டு.

நாலு வாரம் அப்படி ஓடியது. மறுபடி கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், முடிச்சு சுருங்குகிறது, இன்னும் ஆறு வாரம் பேசவே கூடாது என்றார். பஸ் ஸ்டாண்டில் ஆயக்குடிக் கொய்யா வாங்கி, மிளகாய்ப்பொடி போட்டு இருவரும் தின்றோம். பிழைத்துக்கொண்டோம் என்றே நான் நினைத்தேன்.

மறு வாரம் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தாக்கீது வந்தது. சூசைராஜ் சார் தடுப்பை மறுபடி நடுவில் நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு டீச்சரும் தனித்தனியாகத் தன் பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். நான் அவர் அறைக்குப் போய்க் கெஞ்சினேன். டாக்டர் சீட்டை மேசையில் வைத்தேன். அவர் அதைப் படித்துப் பார்த்தார், படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். "நாப்பது நிமிஷம்தான டீச்சர். ஊமையா நிக்கிற டீச்சர அவர்கிட்ட எப்படிக் காட்டச் சொல்றீங்க?" என்றார்.

பிரிஸ்கில்லா நோட்டில் எழுதிக் காட்டினாள். மெதுவாகப் பேசி முடித்துவிடுகிறேன். நீங்கள் மட்டும் அன்றைக்குக் குரலை இறக்கிக்கொள்ளுங்கள் அக்கா. நான் அவள் கையைப் பிடித்து, "சத்தியமா எஞ் சத்தம் ஒனக்குக் கேக்காது புள்ள" என்றேன்.

அவளுக்கு மிச்சமிருந்த பாடம் ஒலியியல். எட்டாம் வகுப்பில் அது வழக்கமாக அந்தச் சமயத்தில்தான் வரும். அதில் மனிதக் குரல்வளை வருகிறது, குரல் நாண் வருகிறது. முதல் நாள் சாயங்காலம் படத்தைச் சார்ட்டில் வரைந்து, தன் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பென்சிலால் எனக்குப் புள்ளி வைத்துக் காட்டினாள். பிறகு ரப்பரால் அழித்துவிட்டாள்.

ஆய்வு நாளில் அதிகாரி முதலில் என் வகுப்புக்கு வந்தார். பின்வரிசையில் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முற்றொருமைகளை மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். தடுப்பைத் தாண்டி அதிகாரிக்குக் கேட்குமே என்று அந்தப் பக்கம் பிரிஸ்கில்லாவும் பாடத்தை ஆரம்பித்திருந்தாள், அவள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கரகரப்பாக இருந்தாலும் அவள் குரல்தான். ஐந்து வாரம் கழித்துக் கேட்கிறேன்.

அதிகாரி, பின்னாடி கேக்கல டீச்சர் என்றார்.

அவ்வளவுதான். கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கலாம். பிள்ளைகளை நோட்டில் போடச் சொல்லியிருக்கலாம். ஆயிரம் வழி இருந்தது. ரஃபியா டீச்சர் வகுப்பில் பின்வரிசைக்குக் கேட்கவில்லையா என்ற ரோஷம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்றேன். நாற்பது பேரும் கூரை அதிரத் திருப்பிச் சொன்னார்கள். அதிகாரி தலையாட்டினார்.

அந்தப் பக்கம் அவள் குரல் ஏறியது. தொண்டையில் விரலை வைத்து ஆ என்று சொல்லிப் பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை சொன்னாள், இரண்டாம் தடவை இன்னும் உரக்கச் சொன்னாள். பிறகு பலகையில் ஒரு தட்டு விழுந்தது.

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லி நான் தப்பிக்கப்போவதில்லை. அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒன்றை முடித்துவிட்டு நிறுத்தலாம் என்று நினைத்தேன். மறுபடியும் ஒரு தட்டு, முன்னதைவிடப் பலமாக. நான் அடுத்த முற்றொருமைக்குப் போனேன்.

அது பாதியில் இருக்கும்போது அந்தப் பக்கம் அவள் குரல் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு நின்றுபோனது. பி பிரிவுப் பிள்ளைகள் டீச்சர் டீச்சர் என்றார்கள். நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அவள் கையில் சுண்ணாம்புக் கட்டியோடு நின்று, மீதிப் பாடத்தைக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்திருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்து மட்டும் கோணவில்லை. பின்னால் வந்த அதிகாரி, பிள்ளைகள் தொண்டையில் விரல் வைத்திருப்பதைப் பார்த்து, நல்ல செயல்பாடு என்று எழுதிக்கொண்டு போனார்.

மணி அடித்த பிறகு தமிழ்மதி என்கிற பிள்ளை என்னிடம் வந்தாள். பி பிரிவில் முதல் பெஞ்சு. "டீச்சர், எங்க டீச்சர் கழுத்துலயும் கை வச்சுப் பாத்தேன். ஆன்னு வாயத் தொறந்தாங்க. ஒண்ணுமே அதிரல" என்றாள்.

நாணில் ரத்தம் கசிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. தழும்பு நின்றுவிட்டது, இனிமேல் காற்று மட்டும்தான் வரும் என்றார்கள். ஜனவரியில் அவள் நாற்காலிக்கு வேறு டீச்சர் வந்தாள். நல்ல பெண்தான், சத்தமாகப் பேசுகிறாள். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பள்ளி விட்டதும் தினமும் நான் பிரிஸ்கில்லா வீட்டுக்குப் போகிறேன். ஏன் நிறுத்தவில்லை என்று அவள் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது சவுக்கால் அடிப்பதைவிட மோசமாக இருந்தது. போன வாரம் ஞானதாஸ் அப்பா அவளை முன்னால் உட்காரவைத்து, கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு, அப்பான்னு சொல்லுத்தா என்றார். அவள் உதட்டை அசைத்தாள். அவர் விரலை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

"தட்டுனாளா?" என்று கேட்டார்.

"ஒரு தட்டுத் தட்டுனா. மறுபடியும் ஒரு தட்டு."

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "விசில் கேட்டும் நிக்காமப் போற டிரைவரு எங்க வண்டியிலயும் இருந்தாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பேப்பரப் படி. சத்தமாப் படி. இந்த வீட்ல ஒரு குரலாவது கேக்கட்டும்" என்றார்.

படித்தேன். அவர் சொன்னாரே என்று உரக்கப் படித்தேன். வடமதுரையில் பஸ் ஏதோ நிற்காமல் போவதாக ஒரு செய்தி. நாலு வரி தாண்டியிருக்க மாட்டேன், அடுப்படியில் கரண்டிக் காம்பால் காய் நறுக்கும் பலகையில் ஒரு தட்டு விழுந்தது.

அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டேன். மூச்சுக்கூட விடவில்லை. அடுப்பில் பால் பொங்கி அடங்குவது கேட்டது. ஞானதாஸ் அப்பாவும் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

பிறகு இரண்டு தட்டு கேட்டது.

"ரைட்டுன்னுட்டா, படி தாயி" என்றார் அவர். எனக்குத்தான் குரல் வரவில்லை.