பார்க்கை விட்டு நகராத கியர்

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்கின் கார் அன்று காலை ஒன்பது மணிக்கு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. இன்ஜின் ஓடியது, ரேடியோ பாடியது, வைப்பர்கூடக் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியது. ஆட்டோமேட்டிக் கியர் மட்டும், வண்டியை நிறுத்திவைக்கும் ‘பார்க்’கை விட்டு ஒரு நூல் நகரவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு பலங்கொண்ட மட்டும் இழுத்தார். தோள்பட்டைதான் இடம் மாறியது.

கெட்ட நேரம்தான். எழுபத்திரண்டு வயதில் அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மகள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “இன்னொரு தடவை மக்கர் பண்ணினா வித்துடறேன்” என்று இவரும் வாயைக் கொடுத்து மாட்டியிருந்தார். மனைவி சும்மா இல்லாமல் மகளுக்குப் போன் போட, பத்து மணிக்கெல்லாம் அவள் அனுப்பிய இழுவை வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

இழுவை வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். “ஐயா, கியர் பக்கத்துல சின்ன மூடி இருக்கு பாருங்க. அதைத் தூக்கிட்டு சாவியை விட்டு அமுக்கினா வந்துடும். ரெண்டு நிமிஷ வேலை.”

“தம்பி, கியர்ல பூட்டு விழுந்திருக்குன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் தெரியாம தாண்டிப் போறது திருட்டுத்தனம்.”

“நான் என்ன பேங்க் லாக்கரையா திறக்கச் சொன்னேன்?”

முப்பத்தேழு வருட வைராக்கியம் அது. கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. அவசரத்துக்கு ஒயரை முறுக்கி அந்தக் காவலை ஏமாற்றும் மெக்கானிக்குகளும் உண்டு. அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இவர் டீகூடக் குடித்ததில்லை.

“பின்னாடி சிவப்பு லைட் எரியுதா பாரு.” பிரேக்கை மிதித்தார்.

“இல்லீங்க. கப்சிப்.”

அவர் முகம் மலர்ந்தது. பிரேக்கை மிதிப்பதே காருக்குத் தெரியவில்லை! மிதித்தது தெரிந்தால்தானே பூட்டு திறக்கும்? கால்களை வெளியே நீட்டி, தலையைப் பெடலுக்கடியில் நுழைத்துப் படுத்தார்.

ரப்பரும் கிரீஸும் சூடான ஒயரும் கலந்த அந்த வாசனை அவரை நேராக ஒன்பது மாடி அலுவலகத்துக்குத் தூக்கிப்போனது. மடக்கு இரும்புக் கதவு, பித்தளைக் கைப்பிடி, தலைக்கு மேலே டைப்பிஸ்டுகளின் செருப்புச் சத்தம். நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெண் குரல்: “வெளியே யாராவது இருக்கீங்களா?” பழுது பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆனால் நாற்பது நிமிடம் கதவு வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். மிச்ச முப்பது நிமிடத்துக்கு அவர் இன்றுவரை யாருக்கும் விளக்கம் தந்ததில்லை. அந்தக் காலத்தில் கதவு திறந்தால் மனிதர்கள் கப்பலிலிருந்து கரையிறங்கியது போல் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இப்போதைய லிஃப்டுகள் தாமே பேசுகின்றன. யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

“இடுப்பு பிடிச்சுக்கும், வெளியே வாங்க!” என்றது அதே குரல், இப்போது வாசலிலிருந்து, மனைவியாக.

அவர் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். பிரேக் லைட்டுக்கான இடம் காலி. எரியவில்லை, உடையவில்லை. ஆளையே காணோம்.

“திருடிட்டாங்க!”

“ஐயா, காரை விட்டுட்டு ஃப்யூஸை மட்டும் எடுத்துட்டுப் போற திருடனை நான் பார்த்ததே இல்லை.”

மனைவி கொல்லைப்பக்கம் போனார். கொடியிலிருந்த ஈரச் சட்டையோடு வந்தார். பையில் விரலை விட்டு, சிவப்பாக ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

நேற்று பிரேக் பெடல் கிறீச்சிட்டதென்று எண்ணெய் விட்டிருந்தார். எந்த இயந்திரத்தில் கை வைக்கும் முன்பும் ஃப்யூஸைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். வேறு யாரும் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட முடியாது. இரண்டு கையும் முழுசாக ஓய்வு பெற்றது அதனால்தான்.

இழுவை வண்டிக்காரர் ஃப்யூஸைத் துடைத்து, ஊதி, மாட்டினார். கியர் ‘டக்’கென்று இறங்கி வந்தது. மெக்கானிக்கின் முகமும் கூடவே இறங்கியது. கோளாறு காரில் இல்லையே!

போன் அடித்தது. மகள்.

“என்னப்பா, தூக்கிட்டாங்களா?”

எரிஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க என்று இழுவை வண்டிக்காரர் ஜாடை காட்டினார். நாக்கு ஒத்துழைக்கவில்லை. “ஃப்யூஸ் இல்லம்மா. நான்தான் கழட்டி சட்டைப் பையில போட்டு மறந்துட்டேன்.”

“பார்த்தீங்களா? இதைத்தானே சொல்றேன். வயசாயிடுச்சுப்பா.”

மனைவி போனைப் பிடுங்கினார். “வயசா? நீ எல்.கே.ஜி. படிக்கும்போதே உங்கப்பா ஃப்யூஸோட வீட்டுக்கு வந்துட்டாரு. ஒரு ஆபீஸே ஒன்பது மாடி நடந்து ஏறுச்சு. உன் பொம்மை வீட்டு கேஸ் சிலிண்டர் எது, சொல்லு?”

மகள் நினைவைத் துழாவினாள். “...வெள்ளையா, உருண்டையா... ஐயோ, அது லிஃப்ட் ஃப்யூஸா?”

“நாலு வச்சிருந்தே. அப்ப இவருக்கு முப்பத்தஞ்சு வயசு. இது வயசுல வந்த கோளாறு இல்லடி, கூடவே பொறந்தது.”

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். வாசல்வரை கேட்டது. “சரி, வந்த வண்டியைத் திருப்பி அனுப்பிடும்மா.”

மெக்கானிக் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ரிவர்ஸில் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினார்.

“தம்பி, இப்ப நகராம நிக்கிறது உன் வண்டிதான். எடு!”